தொட்டிக்குள் நான் மட்டும்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் பார்ப்பது பட்டாசு கம்பெனி வேலை. நாள் முழுக்க மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகுகிறவள் தண்ணீருக்குப் பயப்படலாமா என்பார்கள். ஏன் பயப்படக் கூடாது? மருந்தோடு எப்படிப் பழக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரோடு பழக எங்கள் பக்கம் தண்ணீர் எங்கே இருந்தது? குடத்தைவிட ஆழமான தண்ணீரைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். மாமனார் வீட்டுத் தோட்டத்துக் கிணறு. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், அதோடு சரி. இன்றைக்கும் தலைக்கு ஊற்றும்போது ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவேன்.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது, ஆளை முழுசாக முக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற சபையில். தலையில் நாலு துளி தெளித்து அனுப்புகிற சபைகள் டவுனுக்குள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கூட வேலை பார்க்கிற அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நாரணாபுரம் போகிற ரோட்டில் இருந்த தகரக் கொட்டகைக்கு. போன முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. அங்கே யாருக்கும் மெதுவாகப் பாடத் தெரியாது. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது சபையே கஞ்சியோடு வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணியது. அந்தச் சத்தத்தில் எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. காய்ச்சல் விட்டது, பசுவைத்தான் சாயங்காலம்வரை தேட வேண்டியிருந்தது. அந்த ஜனங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையிலிருந்தே காத்திருப்பேன்.

எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக்காரர்கள். அதனால் வெளி ஆட்களுக்குப் புரியாத பழக்கங்கள் சில உண்டு. உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் கதவின் இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் தொடுவார்கள். ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் இதைப் பார்த்துவிட்டு, ஆலயத்து நிலையைக்கூடத் தொட்டு வணங்குகிற பக்தியை எங்கும் கண்டதில்லை என்று உருகிப் பேசினார். அது பக்தியில்லை. கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் செம்புத் தகடு அடித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கை பழகிவிட்டது, அவ்வளவுதான். பாவம், அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, பிரசங்கத்துக்கு நடுவில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் சபை மொத்தமும் வாய்க்குள் முணுமுணுக்கும். "லட்சுமி வெடி." "இல்ல, அணுகுண்டு, திரி ஈரம்." எந்த வெடி, எந்த ரகம், எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். பாஸ்டரும் ஒரு நொடி நிறுத்தி, மனசுக்குள் பெயர் வைத்துவிட்டுத்தான் வசனத்துக்குத் திரும்புவார். சுவரோரம் சிவப்பு வாளிகளில் மணல் வேறு எப்போதும் நிறைந்திருக்கும்.

பாஸ்டர் ஊழியத்துக்கு வரும் முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். எங்களில் பல பேருக்கு வேலை கற்றுக் கொடுத்தவரே அவர்தான். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாள் அவர் சொல்லி வந்தது இதுதான்: "தெரியாத சத்தம் கேட்டா கையில இருக்கறதப் போடு. ஓடு. திரும்பாத. யாரு கூப்பிட்டாலும் திரும்பாத." இதில் அவர் விளையாட மாட்டார். திரும்பிப் போனவர்களின் படங்கள் எங்கள் ஊர்களில் பல வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கின்றன.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. அப்பம் வைத்த தட்டு வரிசையாகக் கைமாறி வரும். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எடுத்துச் சாப்பிடுவார்கள். எடுக்காதவள் அடுத்த ஆளிடம் தட்டைத் தள்ள வேண்டும். நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தும் பரிமாற மட்டும் செய்கிற மாதிரி இருக்கும் எனக்கு. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தட்டு என்னைக் கடக்கிற அந்த நொடியில் எல்லாரும், ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி, கூரையைப் பார்ப்பார்கள். அந்தக் கரிசனம்தான் எனக்குத் தாங்கவில்லை. நானும் அந்த அப்பத்தைச் சாப்பிட வேண்டும், அவர்களில் ஒருத்தியாக. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடுவில் நின்றது தண்ணீர்.

ஒரு தடவை முயற்சி செய்தோம். தோட்டக் கிணறு ஒன்றில் ஏற்பாடு. படியில் பாதி இறங்கினேன். தண்ணீர் கரண்டைக்காலைத் தொட்டதும் திரும்பி ஏறியவள்தான், பாஸ்டர் கூப்பிடக் கூப்பிட பஸ் ஸ்டாப்பில் போய்த்தான் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் சபை ஆட்கள் கொட்டகைக்குள்ளேயே, பிரசங்க மேடையை ஒட்டி, தொட்டி கட்ட ஆரம்பித்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து அவர்களே தோண்டினார்கள், அவர்களே சிமெண்டு பூசினார்கள். எனக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. "சபைக்குன்னு ஒண்ணு வேணும்ல" என்றார்கள். ஆனால் எவ்வளவு ஆழம் வைக்கலாம் என்று பார்க்கக் குழிக்குள் நிற்க வைத்தது என்னைத்தான். இடுப்புக்கு மேலே போனால் நான் முகம் சுளிப்பேன். உடனே மேஸ்திரி வேலை தெரிந்த சகோதரர் ஒரு கோடு கீழே இறக்குவார்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. அவர் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற சம்சாரி. அவருடைய சாமி ஊர் எல்லையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற அய்யனார். நான் சபைக்குப் போவதை அவர் தடுத்ததும் இல்லை, கூட வந்ததும் இல்லை.

"குளிக்கிறப்பவே மூக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவ," என்றார். "நீ முங்கி எந்திரிச்சா அன்னைக்கு மழை பெய்யும் பாரு."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. சீசன் நேரத்துல மழைன்னு சொல்லாதீக, வெடி காய வேணாமா?"

"சரி, நானும் வாரேன். நீ அந்தத் தொட்டியில முங்குறத நான் பாக்கணும்ல."

இப்படியாக, பொண்டாட்டி பயந்து ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் முதல் முறையாக ஆலயத்துக்கு வந்தார்.

ஞானஸ்நானத்துக்கு உடுத்த பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து ஒரு வெள்ளை அங்கி இரவல் வாங்கியிருந்தோம். முந்தின வாரம் எங்கள் வீட்டில் பிரித்துத் தொட்டுப் பார்த்தால் நைலான். எங்கள் பெண்கள் பாம்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்தார்கள். கம்பெனிக்குள் நைலானுக்கு இடமில்லை, உரசினால் பொறி வரும். "தண்ணிக்குள்ள இறங்கப் போறவளுக்குப் பொறி எங்கருந்து வரும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பருத்தித் துணியில் புதிதாக ஒரு அங்கி தைத்தார்கள்.

தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் லாரித் தண்ணீர் பாய். குடும்பத்தில் மற்றவர்கள் விருதுநகரில் கடை வைத்திருக்கிறார்கள், இவர் மட்டும் லாரி ஓட்டுகிறார். அன்றைக்குக் காலையில் கொட்டகைக்குப் பின்னால் லாரியை நிறுத்திக் குழாய் போட்டுத் தொட்டியை நிரப்பினார். சபை டீ கொடுத்தது. குடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரோடு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் உள்ளே நான் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

என் பயத்துக்காகப் பாஸ்டர் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒரேயடியாக முக்கப் போவதில்லை. பிதா என்று சொல்லும்போது முதுகைச் சாய்ப்பார். குமாரன் என்னும்போது கழுத்துவரை. பரிசுத்த ஆவி என்னும்போது முழு முங்கு, உடனே மேலே. "மூக்க நான் புடிச்சுக்கிறேன். நீங்க என் கையப் புடிச்சுக்கங்க. பயப்படக் கூடாது, என்ன?" என்றார். சபை பாட்டை நிறுத்தியது. என்னைச் சபைக்கு அழைத்துவந்த அக்கா போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர், துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"பிதா," என்றார் பாஸ்டர். சாய்ந்தேன். "குமாரன்," என்றார். தண்ணீர் காதுக்குள் போனது.

டமார்!

தண்ணீருக்குள் காது இருந்தும் எனக்கே கேட்டது. லட்சுமி வெடியில்லை. அணுகுண்டு இல்லை. நான் கேட்டே இராத சத்தம். அடுத்த நொடி என் மூக்கைப் பிடித்திருந்த கையும் இல்லை, முதுகைத் தாங்கிய கையும் இல்லை. நான் அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கையைக் காலை உதறி, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, எப்படியோ எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கொட்டகையில் ஒரு ஈ காக்கை இல்லை.

நாற்காலிகள் அப்படியே இருந்தன. பைபிள்கள் திறந்தபடி கிடந்தன. யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடி தரையில் கிடந்தது. ஒரு கஞ்சிரா மட்டும் சிமெண்டுத் தரையில் தனியாக உருண்டுபோய்ச் சுவரில் முட்டி, சலங்கை குலுங்கிச் சாய்ந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே எல்லாருடைய செருப்பும் ஜோடி ஜோடியாக இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. அந்த மாதம் முழுக்கப் பாஸ்டர் ஆண்டவருடைய வருகையைப் பற்றித்தான் பேசியிருந்தார். எக்காளம் ஊதியதும் கண் மூடித் திறப்பதற்குள் விசுவாசிகள் எல்லாரும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், போட்டது போட்டபடி கிடக்கும், ஆயத்தமில்லாதவர்கள் நின்று முழிப்பார்கள் என்று. இதோ போட்டது போட்டபடி கிடக்கிறது. இதோ நான் முழிக்கிறேன். பிதா ஆயிற்று, குமாரன் ஆயிற்று, பரிசுத்த ஆவிக்கு முன்னால் எக்காளம் ஊதிவிட்டது. ஒரு வார்த்தையில் தவறிப் போனேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில் அந்தத் துண்டைப் பார்த்தேன். துண்டு நாற்காலியில் இருக்கிறது, ஆளைக் காணோம். துண்டில்லாமல் தெருவாசல்வரைகூடப் போகாத மனுஷன்.

பயம் போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொட்டிக்குள் நின்றுகொண்டே கூரையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "ஆண்டவரே, இது நாயமா? போன வாரந்தான அய்யனாருக்குப் பொங்கல் வச்சாரு? அவரக் கூட்டிக்கிட்டு என்னைய இங்கன விட்டுட்டுப் போயிட்டீரே!"

பின்பக்கக் கதவு திறந்தது. எண்ணெய்க் கையோடு லாரித் தண்ணீர் பாய் தலையை நீட்டினார்.

"பாய்," என்றேன். "நீங்களும் போகலையா?"

"எங்கனக்கா போறது? ஸ்டெப்னி மாட்டணும்ல. பின் டயரு வெடிச்சிருச்சு."

"எல்லாரும் போயிட்டாக பாய்."

"பாத்தேங்க்கா. யம்மா, என்னா வேகம்!"

"மேலயா போனாக?"

பாய் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல எங்கிட்டு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில நிக்கிறாக."

அங்கே நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகப் பிறகு சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தெரியாத சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. பாஸ்டர் கையில் இருந்தது நான். போட்டுவிட்டு ஓடினார். என் வீட்டுக்காரர் சம்சாரி, அவருக்கு அந்தப் பழக்கமில்லை. ஆனால் எல்லாரும் ஓடுகிறபோது நிற்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. வெயில் ஏறியிருந்த நேரம், செருப்பில்லாமல் தார் ரோட்டைக் கடந்து, குதித்துக் குதித்து மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் புகை. டயர் வெடித்துக் கிளப்பிய புழுதிதான் அது. அவர்களுக்கு அது தெரியாது.

பாஸ்டர் பழைய போர்மேனாகவே மாறி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்தியிருக்கிறார். ஈரம் சொட்டுகிற அவருடைய இரண்டு கைகளும் எதையோ தாங்குகிற மாதிரி முன்னால் நீண்டபடியே இருந்திருக்கின்றன. அவர் தன் கைகளைக் குனிந்து பார்த்திருக்கிறார்.

"ஏலே, என் கையில யாரு இருந்தா?"



எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் பாயிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சபை மொத்தமும் உள்ளே பாய்ந்தது. என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவுச் சட்டத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. வந்த வேகத்திலேயே அந்த அக்கா ஒரு மணல் வாளியைத் தூக்கி என் தலையில் கவிழ்த்துவிட்டார். நெருப்பு எங்கே என்று பார்த்தெல்லாம் அவர் கொட்டவில்லை. அவருக்குப் பின்னால் இன்னொரு வாளி வந்தது. நான் மணல் பொம்மை மாதிரி தொட்டிக்குள் நின்றேன்.

"டயருங்க! டயரு வெடிச்சிருச்சு!" என்று பாய் கத்துகிற வரைக்கும் வாளிகள் வந்துகொண்டிருந்தன.

பாஸ்டர் தலை குனிந்து நின்றார். "எங்கன விட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குமாரன்ல விட்டீக," என்றேன்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்தா என்று உடனே ஒரு விவாதம் கிளம்பியது. அணைந்துபோன திரியை மறுபடி பற்ற வைக்கக் கூடாது, புதுத் திரிதான் போட வேண்டும் என்று ஒரு மூத்த சகோதரர் கம்பெனிச் சட்டத்தைச் சொன்னார். வேதத்தில் எங்கே தேடினாலும் இதைவிடத் தெளிவாக இருக்காது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தொட்டித் தண்ணீர் முழுக்கச் சேறாகியிருந்தது. பாய் எட்டிப் பார்த்து, "எப்படியும் ஸ்டெப்னி மாட்டுற வரைக்கும் நான் நகர முடியாது, மிச்சத்தையும் ஊத்திர்றேன்" என்று குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு வச்சுக்கலாமா? பயந்திருப்பீக," என்றார் பாஸ்டர்.

"இப்பவே முக்குங்க பாஸ்டர். கண்ணுல மண்ணு உறுத்துது."

பயம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் அதேதான், தொட்டியும் அதேதான். ஆனால் நெருப்பு என்று நம்பிக்கொண்டு அத்தனை பேரும் எனக்காக உள்ளே ஓடி வந்திருந்தார்கள். திரும்பாதே என்று கற்றுக்கொடுத்தவரும் வந்திருந்தார், கற்றுக்கொண்டவர்களும் வந்திருந்தார்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்றையும் முழுசாகக் கேட்டுக்கொண்டே முங்கினேன். இந்த முறை பாஸ்டர் என்னைப் பிடித்த பிடியில் என் கை கன்றிப் போய் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

அது முதல் ஞாயிறு. ஈரத் தலையோடு வரிசையில் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. யாரும் கூரையைப் பார்க்கவில்லை, எல்லாரும் வெட்கமில்லாமல் என்னையே பார்த்தார்கள். அப்பத்தை வாயில் போட்டேன். மணல் நறநறவென்று கடித்தது. அதைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

மரத்தடியிலிருந்து முதலில் திரும்பி ஓடியது யார் என்ற சண்டை எங்கள் சபையில் இன்னும் தீரவில்லை. பாஸ்டர் தான்தான் என்கிறார். அக்கா தான்தான் என்கிறார், வாளியைச் சாட்சியாகக் காட்டுகிறார். இன்றைக்கும் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற என் வீட்டுக்காரர், "நீங்கள்லாம் யோசிச்சுக்கிட்டு நின்னீக, நான்தான் மொதல்ல" என்கிறார். கொட்டகையை விட்டு ஓடியதில் முதல் ஆள் அவர்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அக்கா ஓடும்போதும் போனை அணைக்கவில்லை. அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். போன் தலைகீழாகத் தொங்குவதால் ஒரு முகமும் தெரியாது. தார் ரோட்டில் குதிக்கிற வெறுங்கால்கள்தான் தெரியும். மரத்தடியில் அவை நிற்கின்றன. பாஸ்டரின் குரல் கேட்கிறது, "என் கையில யாரு இருந்தா?" அந்தக் கேள்வி முடிவதற்குள் அத்தனை கால்களும் ஒன்றாகத் திரும்புகின்றன. எது பாஸ்டர் கால், எது என் வீட்டுக்காரர் கால் என்று எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.